நாலு திருகாணி

பேரவையில் உறுப்பினர்களின் பெயர்ப்பலகை மாட்டும் தச்சர் இரண்டு திருகாணிக்கு மேல் போடமாட்டார். எப்படியும் கழற்றத்தானே போகிறோம். இந்த ஒரே பதவிக்காலத்தில் பதினோரு பெயர்கள் போய்விட்டன. மூன்று பேர் இறந்தார்கள், மற்றவர்கள் கட்சி தாவினார்கள்.

உறுப்பினரான தன் மைத்துனரின் பலகைக்கு மட்டும் நாலு போட்டிருந்தார். "எங்க அண்ணன் சொன்ன சொல் மாறாதவரு" என்று மனைவி அடித்துச் சொல்லியிருந்தாள்.

அந்த அண்ணனும் ராஜினாமா செய்து, இடைத்தேர்தலில் மறுகட்சி சார்பில் நின்று ஜெயித்துவிட்டார். பழைய பலகையைக் கழற்றுவதற்குள் தச்சருக்குத் தாவு தீர்ந்தது. மேசையின் மரத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வந்தது.

எதிர்வரிசையில் மைத்துனர் சிரித்தபடி நின்றார். "மாப்ளே, இந்தப் புதுப் பலகையையும் நல்லா இறுக்கிப் போடுங்க."

தச்சர் பையைத் துழாவி ஒரே ஒரு திருகாணியை எடுத்தார்.

"உங்களுக்கு இது போதும் மச்சான்."