ஏழாவது மெம்பர்

உடலைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் தெருவில் இறங்கியதும் ஹைருன் பீவி கதவு மறைவிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். நாத்தனார் சுல்தான் பீவி அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"போதும்ட்டீ. இனி உனக்கு இத்தா. நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக் கூடாது."

கலிமா சொல்லும் குரல்கள் பள்ளிவாசல் திருப்பம்வரை கேட்டன. பிறகு ஓட்டில் சாரல் விழும் சத்தம் மட்டும் இருந்தது.

அவள் கணவர் துல்கர்னைன் விடியற்காலையில் மௌத்தாகிவிட்டார். நான்கு நாள் காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி. கடைசியாகப் பேசியது அவளிடம்தான். "கிளப்ப மூடணும்னு வருவாங்க. நீ கையெழுத்துப் போட்டுராத" என்றார். காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தாள். கிளப்புக்கும் அவளுக்கும் என்ன? "மொதல்ல இந்தக் கஞ்சியக் குடிங்க" என்று கரண்டியை நீட்டினாள். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது.

பர்மா சண்டையில் விமான மெக்கானிக்காக இருந்தவர். திரும்பி வந்து தென்காசியில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்தார். ஐம்பத்துமூன்றாம் வருடம் சிநேகிதர்களைச் சேர்த்துக் கிளப் ஒன்று ஆரம்பித்து, வடக்கே எங்கோ பழசாகிக் கிடந்த கிளைடர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு எஞ்சின் கிடையாது. லாரி எஞ்சின் வைத்து வடத்தால் இழுத்து மேலே ஏற்றிவிட்டால் காற்றிலேயே மிதக்கும். ஆய்க்குடிப் பக்கம் தில்லைநாயகத்தின் தரிசில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பறந்தார்கள். "ஒரே ஒரு தடவ வாயேன், குற்றாலத்து மலைய மேலருந்து பாரு" என்று அவளைக் கூப்பிடாத வருடமில்லை. அவள் போனதில்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் தில்லைநாயகம் வந்தார். திரைக்கு வெளியே நின்றே பேசினார்.

"மதினி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். வேற வழி தெரியல."

சொத்துப் பாகம் பிரித்ததில் தரிசு அவருடைய தம்பி பங்குக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஏர் இறங்குகிறது. திருநெல்வேலியில் ஒரு காலேஜில் கிளைடரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். கிளப்பைக் கலைத்தால்தான் கொடுக்க முடியும்.

"அதுக்கு நான் என்ன செய்யணும் தம்பி?"

"இருக்க மெம்பர் எல்லாரும் கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரு பம்பாய்க்குப் போயி விலகிட்டாங்க, ஒருத்தர் போன வருசம் தவறிட்டாரு. இப்ப அண்ணாச்சியும் போயாச்சு. பாக்கி நானும் மூசாவும் நீங்களுந்தான்."

"நானா?"

"சங்கம் பதிய ஏழு பேரு வேணும். ஆறுதான் தேறிச்சு. அண்ணாச்சி உங்க பேர எழுதினாரு."

சுல்தான் பீவி திரையை விலக்கி, அவர் கொண்டுவந்த கிளப் நோட்டை வாங்கிவந்து கொடுத்தாள். ஏழாவதாக ஹைருனின் கையெழுத்தே இருந்தது. கணவர் நீட்டிய இடத்தில் எப்போதோ போட்டது. பத்து வருடக் கூட்டங்களுக்கும் அவள் வந்திருந்ததாக அவர் கையால் எழுதியிருந்தது. கூட்டம் நடந்தது இந்த வீட்டு முன்னறையில்தான். அவள் அடுக்களையில் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

"போடலேன்னா?"



"என் தம்பி அத வெளிய இழுத்துப் போட்டுருவான் மதினி. மரமும் துணியுந்தானே. இந்தச் சாரல்ல பத்து நாளு தாங்காது."

"வேற எங்கனயும் எடம் இல்லையா?"

"இலஞ்சி வரைக்கும் கேட்டாச்சு. ரெண்டு மாசமாத் தேடுதோம்."

"அவுக போடாதன்னு சொல்லிட்டுப் போனாக."

"எங்கிட்டயும் அதத்தான் சொன்னாரு" என்றார் தில்லைநாயகம்.  மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சரி என்று அன்றைக்குக் கணவரிடம் ஹைருன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கஞ்சி ஆறிவிடும் என்றுதான் பார்த்தாள். சொல்லியிருந்தால் இப்போது இதைவிடக் கஷ்டமாக இருந்திருக்குமோ என்னமோ.

"எழுதிக் குடுட்டீ" என்றாள் சுல்தான் பீவி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. "அவனே இருந்தாலும் என்ன செஞ்சிருப்பான்?"

ஹைருன் பேனாவை வாங்கினாள். முதல் எழுத்திலேயே மை ஊறிப் பரவியது. மிச்சத்தை மெதுவாக எழுதி முடித்தாள்.

வியாழக்கிழமை பகலில் லாரிச் சத்தம் கேட்டு அவள் ஜன்னலுக்கு வந்தாள். மதிலுக்கு மேலே கழற்றிக் கட்டிய இறக்கையின் நுனி மட்டும் தெரிந்தது. தார்ப்பாய் அதுவரைக்கும் எட்டவில்லை. முனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார்கள். திருப்பத்தில் லாரி நின்றது. "மெதுவா, மெதுவா, செவுத்துல இடிக்குது" என்று யாரோ கத்தினார்கள். இறக்கை கொஞ்சம் பின்னால் வந்து, ஒருபக்கம் சாய்ந்து, நேராகி, மதிலை ஒட்டியே நனைந்துகொண்டு போயிற்று.