இரண்டு இடத்தில் எழுதிய ரத்த வகை

"மஞ்சு மாமா ரத்தம் ஏத்தினா, இனிமே எனக்குக் கனவெல்லாம் கன்னடத்துலதான் வருமாம்மா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஆறு வயது மேகனா கேட்டபோது, ஹம்ஸாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ரத்தம் கொடுத்த மஞ்சுநாத், மைசூரில் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஆபீஸில் உடன் வேலை பார்த்தவர். நன்றி சொல்லப் போனவளை அவர் பேசவே விடவில்லை.

"உங்க பொண்ணும் ஓ பாசிட்டிவ், நானும் ஓ பாசிட்டிவ். இதுல தேங்க்ஸ் எதுக்கு மேடம்?"

அது தொண்ணூற்றாறில். இரண்டு வருடம் கழித்து, அதே மஞ்சுநாத் ஒரு ரத்த வங்கிக்காக எழுதிய புரோகிராம் ஓட மறுத்தது. எம்.எல். என்ற கம்ப்யூட்டர் மொழி அவருக்குப் புதிது. புரோகிராமின் பகுதியாகப் பெரிய மாட்யூல் ஒன்று. அதற்குள் ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஒரு மாட்யூல், நோயாளிகளுக்கு இன்னொன்று. இரண்டிலும் உள்ள ரத்த வகையின் டைப் பொருந்தவில்லை என்று, புரோகிராமைச் சரிபார்த்து ஏற்கும் கம்பைலர் காலையிலிருந்து அடம்பிடித்தது.

"என்ன சார், உங்க ஓ பாசிட்டிவ் உங்க ஓ பாசிட்டிவுக்கே சேரலையா?" என்று மேனேஜர் கிருஷ்ணராஜ் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ரெண்டு மணிக்கு ரத்த வங்கி டாக்டர் முன்னால ஓடலைன்னா இந்த வேலை பெங்களூர்க்காரங்களுக்குப் போயிடும். நீங்க பழைய செக்‌ஷனுக்குப் போயிடலாம். முதல்ல ஸ்டேஷன் போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

மஞ்சுநாத் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "சாமுண்டித் தாயி விட்ட வழி மேடம்" என்று ஹம்ஸாவிடம் முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் ஹம்ஸா அவர் இடத்தில் உட்கார்ந்தாள். எம்.எல். அவளுக்குப் பழகிய மொழி; பார்த்ததும் புரிந்தது. மனிதர் பல வருடம் 'சி' மொழியில் எழுதியவர். ஒரு வரையறையை ஒவ்வொரு கோப்பிலும் நகலெடுத்து ஒட்டிப் பழகிய கை. இங்கேயும் ரத்த வகைகளை இரண்டு உள் மாட்யூலிலும் எழுத்துப் பிசகாமல் தனித்தனியாக எழுதியிருந்தார். எழுத்து ஒன்றாக இருந்தும் கம்பைலருக்கு அவை வெவ்வேறு ரத்தம்.

முன்பே அவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்து, தவறைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் அவர் இன்னொரு முறை தலைகுனிவதை அவளால் பார்த்திருக்க முடியாது.

இரண்டு நகலையும் அழித்தாள். வெளி மாட்யூலில், இரண்டுக்கும் மேலே, வரையறையை ஒரே ஒரு தடவை எழுதினாள். உள்ளே இருக்கும் இரண்டுக்கும் இனி அதுவே தெரியும். கம்பைலர் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

சோதித்துப் பார்க்க இரண்டு பெயர் வேண்டியிருந்தது. நோயாளி: மேகனா. கொடுப்பவர்: மஞ்சுநாத்.

'பொருந்துகிறது' என்று வந்தது.

கண்ணை மூடி ஒரு கணம் கைகூப்பினாள். பிறகு அந்த இரண்டு பெயரையும் அழித்து, புரோகிராமைச் சேமித்து, நாற்காலியைப் பழையபடியே தள்ளிவைத்தாள். கீழே ஸ்கூட்டர் வந்து நின்றபோது, தன் மேஜையில் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.