குதிரை போகாத கட்டம்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் கடிதச் சதுரங்கம். பேர்தான் கடிதம், நகர்த்தல்கள் இணையத்தில்தான் போகும், வரும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து நாள் அவகாசம், கம்ப்யூட்டரைக் கேட்டே ஆடலாம். "விடைத்தாளைக் கையில வச்சுக்கிட்டு எழுதற பரீட்சையா?" என்று கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொள்வார்.

இந்தப் போட்டியில் ஒரு புதுமை. இவரைப் போன்ற ஆட்கள் ஒரு பக்கம், ஆள் துணையில்லாத வெறும் புரோகிராம்கள் மறுபக்கம். இவருக்கு ஒன்பது ஆட்டம். அதில் ஒன்றை ஜெயித்தால் மாஸ்டர் பட்டம். பன்னிரண்டு வருஷமாக அதற்குத்தான் தவம் கிடக்கிறார். எட்டு ஆட்டம் டிராவில் முடிந்தது. இரண்டு பக்கமும் தப்பே செய்யாவிட்டால் வேறு எப்படி முடியும்?

ஒன்பதாவதிலும் கம்ப்யூட்டர் சமம், சமம் என்றே காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடிவந்து பலகையைப் பார்த்தார். குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டால் எதிரி ராஜாவுக்கு ஒளிய இடமிருக்காது என்றார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கொடுத்தால் தோல்வி என்றது. விடாமல் ஓடவிட்டார். நான்கு நாள் அது சாப்பாட்டு மேசையில் இரைந்துகொண்டு கிடந்தது; நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். பதில் மாறவில்லை.

ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார். "எனக்கென்னமோ ஜெயிக்கும்னு தோணுது. நீ என்ன சொல்றே?"

குதிரை எப்படிப் போகும் என்றுகூட எனக்குத் தெரியாது. மேசை காலியானால் போதும் என்றிருந்தது. "நாலு நாளா ராப்பகலா யோசிச்சதுக்குத் தெரியாதது, பல் தேய்க்கிறப்போ உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் சொன்ன நகர்த்தலை அனுப்பினார். மூன்று வாரத்தில் அதுவும் டிரா.

அதன் பிறகு, எதிர்ப்பக்கப் புரோகிராமைக் கவனித்துக்கொள்கிறவர் மரியாதைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். "நீங்கள் குதிரையைக் கொடுப்பீர்கள் என்று ஐந்து நாளும் பயந்துகொண்டிருந்தோம். எங்களுடையது பெரிய கம்ப்யூட்டர், கொஞ்சம் ஆழமாகப் பார்க்கும். கொடுத்தால் நாங்கள் தோற்றோம் என்று அது முடிவே கட்டிவிட்டது. உங்களுக்கு அது தோன்றவே இல்லையா?"

படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டு முறை படித்தேன். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

"தோணலைன்னே எழுதிடறேன்" என்றார். அப்படியே எழுதியும் அனுப்பினார்.

அடுத்த போட்டி தொடங்கி இரண்டு மாதமாகிறது. வேலை விட்டு வந்ததும், கம்ப்யூட்டர் காட்டுவதைப் பலகையைக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார். நேற்று நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குதிரை எப்படிப் போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். கற்றுக்கொண்டேன், என்ன பிரயோஜனம்?

"ஏங்க, இதுல உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கென்ன தோணும்?" என்றார். குரலில் கோபமே இல்லை. "தட்டை எடுத்து வை. மேசை காலியாத்தானே இருக்கு."