இரவுச் சோறு நின்ற வீடு

சந்திரசேகரன் இரவுச் சோற்றை விட்ட அன்று நவமணி கெம்போங் மீன் குழம்பு வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்தவர் கையில் ஓட்ஸ் டின் ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்தார்.

"இனிமே ராத்திரியில எனக்குச் சோறு வேணாம். இதுல கஞ்சி காய்ச்சிக் குடு. தேங்காப்பால், சீனி ஒண்ணும் சேர்க்காதே."

"உடம்புக்கு என்னங்க?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. தொப்பைதான். மட்டையை ஓங்கினா இடுப்பு திரும்ப மாட்டேங்குது."

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா அவர். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இவரைப் போன்றவர்களுக்கு இடமில்லை. அதனால் குமாஸ்தாக்களும் வியாபாரிகளுமாகச் சிலர் சேர்ந்து, ஆயர் ஈத்தாம் பக்கம் கைவிடப்பட்ட தோட்டமொன்றைச் சீர்செய்து ஒன்பது குழிகள் வெட்டி கோல்ப் ஆடினார்கள். சனி, ஞாயிறு என்றால் சந்திரசேகரன் அங்கேதான். முதல் சுற்றில் அவரை அடிக்க ஆளில்லை. இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கும், கால் கனக்கும், பந்து புதருக்குள் போகும். ஆட்டத் துணையான ஜவுளி வியாபாரி ஷேக் அலாவுதீன், "கை நல்ல கைதான் அண்ணே, வயிறுதான் தோக்குது லா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் ஓட்ஸ் டின்னாக வீட்டுக்கு வந்தது.

நவமணி அன்று குழம்பைத் தனியாகச் சாப்பிட்டாள். மறுநாளும் தனியாகத்தான்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போதுதான். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. புளி தூக்கல் என்பார்; பாசாரில் நல்ல மீன் வரவில்லை என்பாள். அதிலிருந்து கம்பெனிக்குத் தாவும் பேச்சு, தைப்பிங்கில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டைத் தொடும், எங்கெங்கோ போகும். குழந்தை இல்லாத வீட்டில் அந்த ஒரு நாழிகைதான் சத்தமாக இருக்கும். கஞ்சிக்குப் பேச்சு தேவைப்படவில்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தில் நின்றபடியே குடித்துவிட்டு, சீக்கிரம் படுக்கப் போய்விடுவார். விடியுமுன் எழுந்து பின்கட்டில் கர்லாக்கட்டை சுழற்றுவார். பிறகு தோளுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலை வைத்துக்கொண்டு இடமும் வலமுமாக இடுப்பைத் திருப்புவார். பகலுக்கு அவித்த காய், இரண்டு முட்டை, வறட்டு ரொட்டி. நவமணி அடுப்படியில் நின்று அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தனக்கென்று சமைக்கக் கை வரவில்லை. பழைய சோறும் ஊறுகாயுமாக ஓட்டினாள்.

அவர் இளைத்தார். கால்சட்டைகள் தொளதொளத்தன. இடுப்பைப் பிடித்துத் தைப்பதற்காக அவரை நிற்கவைத்து ஊசி குத்தும்போது மட்டும் அவர் பக்கத்தில் நிற்க முடிந்தது.

"ரொம்ப எளைச்சிட்டீங்க."

"அதுதானே வேணும்" என்றார் சந்தோஷமாக.

வருடாந்திரக் கோப்பைக்கான ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று காலை அரை டம்ளர் கடுங்காப்பியோடு கிளம்பினார்.

"ரெண்டு இட்டிலியாவது சாப்பிட்டுட்டுப் போங்க. வெயில் கொளுத்தும்."

"வயிறு லேசா இருந்தாத்தான் இடுப்பு சுத்தும். உனக்குத் தெரியாது."

அவர் போனபின் இட்டிலி ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், சட்டென்று எழுந்து அடுக்குப் பாத்திரத்தில் வைத்து, வாழைச் சீப்பிலிருந்து நான்கு பழங்களையும் பறித்துக்கொண்டு, ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஏறினாள். தனியாக அவ்வளவு தூரம் அவள் போனதில்லை.

திடலின் ஓரத்தில் ஓர் அங்சானா மரத்தடியில் நின்றாள். தூரத்தில் சந்திரசேகரன் யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்பதே அவளுக்குத் தெரியாது. வேறு யாரோ ஒருவருடைய புருஷனை ஒளிந்து பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமென்றுகூட நினைத்தாள்.

இரண்டாம் சுற்றில், மேட்டுப்பக்கக் குழியருகே, அவர் மட்டையை ஊன்றி நின்றார். நெற்றியைத் துடைத்தார். ஓர் அடி எடுத்து வைத்தவர் அப்படியே மடங்கி விழுந்தார்.

நவமணி ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. அதற்குள் அலாவுதீன் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தான். "தண்ணி! யாராச்சும் தண்ணி கொண்டாங்க லா!" என்று கத்தினான். அவளைப் பார்த்ததும் திகைத்தான். "அக்கா, நீங்களா? அண்ணன் காலையில என்ன சாப்பிட்டாரு?"

"கடுங்காப்பி."

"அவ்வளவுதானா? யா அல்லா! இந்த வெயில்ல வெறும் வயித்தோடயா ஆடுறாரு? நான்கூட ரொட்டி சானாய் தின்னுட்டுத்தான் வந்தேன்."

சந்திரசேகரன் கண் திறந்தார். முதலில் வானத்தையும் பிறகு அவளையும் பார்த்தார்.

"நீ எப்படி இங்க வந்தே?"

"பஸ்ஸுல."

அவள் பழத்தை உரித்துக் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் பார்க்க, தலையைக் குனிந்தபடி தின்றார். தண்ணீர் குடித்தார். இன்னொரு பழமும் தின்றார். கோப்பை வேறு யாருக்கோ போனது.

அதன்பிறகு டாக்டர் சொன்னபடி சில மாற்றங்கள் வந்தன. ஆட்டத்துக்கு முன் இட்டிலி, பையில் பழம், இடையிடையே உப்புப் போட்ட மோர். எல்லாவற்றையும் நவமணியே கட்டிக் கொடுத்தாள். அவர் தெம்பாக ஆடினார். ஆனால் இரவில் மட்டும் அதே கஞ்சி, அதே கூடம். மரத்தடியிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு அது அவளுக்கு முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் அவர் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது அவள் அதைக் கொடுக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க சோறு திங்க வேணாம். கஞ்சியே குடிங்க. ஆனா என் எதிர்ல உட்கார்ந்து குடிங்க."

"ஏன்?"

"இந்த வீட்டுல நான் பேசி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல. குரல் வருதான்னு பாக்க, சட்டிகிட்ட பேசறேன்."

சந்திரசேகரன் பலகையை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் சோற்றைப் பிசைந்தாள். அவர் கஞ்சியைக் கலக்கினார். குறை சொல்லக் கஞ்சியில் புளியுமில்லை, காரமுமில்லை.

கிண்ணம் காலியாகும் சமயத்தில் கேட்டார்: "பகல் பூரா நீ என்ன பண்ணுவே?"

இப்படி ஒரு கேள்வியை அவர் இதுவரை கேட்டதில்லை. அவள் யோசித்தாள்.

"பக்கத்து வீட்டுச் சீனத்தியம்மா வேலிமேல கீரை நீட்டும். நான் தேங்காத் துவையல் நீட்டுவேன். அது சொல்றது எனக்குப் புரியாது, நான் சொல்றது அதுக்குப் புரியாது. சிரிச்சுக்குவோம். போன மாசம் அது வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு."

"அப்படியா? எனக்குத் தெரியாதே. அது பேரு என்ன?"

"அதுதாங்க எனக்கும் தெரியல" என்றாள் நவமணி. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்தாள்.

கஞ்சி தீர்ந்திருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.