மஞ்சள் தடவிய பார்சல்

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் இணையத்தில் ஒரு சட்டை வாங்கினேன். 'ஒப்படைக்கப்பட்டது' என்கிறது கைப்பேசி. வாசலில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. விற்றவளோடு மூன்று நாள் எழுத்திலேயே சண்டை. நான் கோப முகப் பொம்மை ஒன்று அனுப்பினால் அவள் கைகூப்பும் பொம்மை இரண்டு அனுப்புகிறாள். நான் பல்லைக் கடிப்பதைப் பார்த்த ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எழுதிக்கிட்டே இருந்தா பார்சல் வருமா? ஆளு நேர்ல போகணும்லா!" என்று ஆரம்பித்து அவர் சொன்னதுதான் இது. நடந்தது 1979இல், ஈப்போ பக்கம்.

சொன்னவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பேரை மாத்து, ஆளைக் காட்டாதே. மாற்றிவிட்டேன். இதில் வரும் அத்தனை பெயரும் பொய்.

2

"ஈப்போவில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்"

வேண்டாம். மழையில் கதை ஆரம்பிக்கிற உரிமை, வருஷம் முழுக்க நனைகிற தைப்பிங்காரர்களுக்கு. சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

"கூந்தல் என்பது பெண்ணுக்கு"

ஐயய்யோ, பள்ளிக்கூடக் கட்டுரை.

"ஈப்போ புந்தோங்கில் கச்சான் பூத்தே கடலை வறுக்கிற வாசனை வீட்டுக்குள் வர, மங்களம் தரையில் உட்கார்ந்து சவுரி கட்டிக்கொண்டிருந்தாள்."

இது தேவலாம். மங்களத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, கணவன் இல்லை, வாய் உண்டு. தொழில், சவுரி முடி. பஜார் பக்கம் ஒரு சீனத்தி வைத்திருந்த சலூனில் வெட்டிப்போட்ட நீள முடியை வாங்கி வந்து, அலசி, சீவி, நுனி பார்த்து அடுக்கிக் கட்டுவாள். அந்தக் காலத்துப் பேராக் மணமேடைகளில் தொங்கிய பின்னல்களில் பாதி, வீட்டில் காண்டனீஸ் பேசிய முடி. (இந்தக் கணக்கு என் கற்பனை. மங்களத்தைக் கேட்டால் முக்கால்வாசி என்பாள்.)

தமிழ்ப் பத்திரிகையில் வாரம் ஒரு விளம்பரம் போடுவாள்: "முழங்கால் வரை கூந்தல்! தபாலில் கிடைக்கும். ரகசியம் காக்கப்படும்." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் அவள் வியாபாரமே. பார்சலுக்கு மேல் அனுப்புகிறவர் பெயரைக்கூட எழுத மாட்டாள்.

3

சுங்கை சிப்புட் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டுகிற முத்தம்மாவுக்குக் காம்பார் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அவளைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தான். போட்டோவில் பின்னல் முழங்காலைத் தொட்டது. நிச்சயம் முடிந்த மறுமாதம் டைபாய்டு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது முடியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மரம் வெட்டப் போகிற பெண்கள் தலைத்துண்டு கட்டுவது வழக்கம்தானே? முத்தம்மா அதை வீட்டிலும் கழற்றவில்லை. "ஈரம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு." தோட்டம் நம்பியது. பெற்ற தாய்க்கு மட்டும் தெரியும்.

விளம்பரத்தைப் பார்த்து முத்தம்மா பணம் அனுப்பினாள். பார்சல் வரவில்லை. அதன்பின் நடந்த கடிதப் போர்:

"அம்மா அவர்களுக்கு, அந்தச் சாமான் இன்னும் வரவில்லை. எந்தச் சாமான் என்று உங்களுக்கே தெரியும்."

"தங்கச்சிக்கு, அந்தச் சாமான் போய் மூன்று வாரம் ஆச்சு. ரிஜிஸ்டர் ரசீது என் கையில் இருக்கு. உங்கள் ஆப்பீஸ் கிராணி லூயிஸ் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார் என்று தபால் கந்தோரில் சொல்கிறார்கள். அவரைக் கேள்."

"கேட்டேன். 'ஒண்ணும் வரலம்மா, நீ நல்லபடியா கல்யாணத்த முடி' என்றார். என் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. நீங்கள் ஏமாற்றுக்காரி. பத்திரிகைக்கு உங்கள் பெயரைப் போட்டு எழுதப் போகிறேன். எனக்கு மானம் போனால் உங்களுக்கும் போகட்டும்."

மங்களம் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பத்திரிகையில் 'ஏமாற்றுக்காரி' என்று வந்தால் எந்தப் பெண் அவளை நம்பித் தலையைக் கொடுப்பாள்? இன்னொன்று கட்டி அனுப்பலாம் என்றால், அந்த நீளத்துக்கு முடி சேர இரண்டு மாதம் ஆகும். "அலாமாக், சூசாதான், பெரிய தொல்லைதான்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, ரசீதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

4

தோட்டத்து ஆப்பீஸில் கணக்கெழுதுகிற கிராணி லூயிஸை வில்லனாக்கத்தான் நினைத்தேன். தோட்டக் கதை என்றால் கிராணி திருட வேண்டாமா? "லூயிஸின் கண்கள் பேராசையில்" என்றுகூட எழுதினேன். ஆனால் கதை சொன்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம்டி, அவரு நல்ல மனுசன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகாம இருக்க மாட்டாரு. தலையிலதான் ஒரு முடி கிடையாது."

அப்படியானால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தவறு மங்களத்தினுடையது.

'கல்யாணத்துக்கு வேண்டும்' என்று முத்தம்மா எழுதியிருந்தாள் அல்லவா? கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற ஜனம் நாம். மங்களமும் மங்கலமாக இருக்கட்டும் என்று பார்சலின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். வழியில் தபால் பை நனைந்தது. குங்குமம் ரத்தம் மாதிரி ஒழுகியது. ஒரு மூலை கிழிந்து, கரிய முடி ஒரு கொத்து வெளியே தொங்கியது.

அனுப்பியவர் பெயர் கிடையாது. மஞ்சள், சிவப்பு, முடி. அதுவும் கல்யாணப் பெண்ணின் பெயருக்கு!

லூயிஸ் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்சலைத் திருப்பிப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டார். முனியாண்டி கோயில் பூசாரி சன்னாசி வேப்பிலையோடு ஓடி வந்தார். "செய்வினை!" என்றார். பார்சலைச் சிவப்புத் துணியில் கட்டி முனியாண்டி காலடியில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் அறுத்தார். மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே சேதி தோட்டம் முழுக்கப் பரவியது, முத்தம்மாவையும் அவள் தாயையும் தவிர. கல்யாணப் பொண்ணு பயந்துடக் கூடாது என்று லயத்து வீடுகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. எவ்வளவு நல்ல ஜனம் பாருங்கள்!

முத்தம்மா? அவளும் வெள்ளிக்கிழமைதோறும் முனியாண்டி முன்னால் நின்று, "சாமி, என் பார்சல எப்படியாச்சும் கொண்டாந்து குடு" என்று அழுதாள். சிவப்புத் துணி மூட்டை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

(இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

ஒன்று மறந்துவிட்டேன். பூசாரி சன்னாசி, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவரே அவர்தான்.

5

மங்களம் ஆப்பீஸில் ரசீதை நீட்டி, "இந்தப் பார்சல் அனுப்புனது நான்தான். எங்க அது?" என்றதும் லூயிஸ் மறுபடி நாற்காலியைப் பார்த்தார்.

பத்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி விளக்குமாற்றோடு வந்திருந்தாள். மங்களத்தைக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். சிவப்பு மூட்டையையும், துணி ஓரத்தில் எட்டிப் பார்த்த மஞ்சளையும் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சொல்லு. எங்க மருமகளுக்கு என்னாத்துக்கு இத அனுப்புன?" என்றார் சன்னாசி.

வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். 'ஐயா, இது சவுரி. நான் வியாபாரி. ஏமாத்துக்காரி இல்ல.' ரசீது இருக்கிறது, சாமானும் இருக்கிறது, வழக்கு அவள் பக்கம் ஜெயித்துவிடும். அந்த நேரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலைத்துண்டோடு ஒரு பெண் வந்தாள். மூச்சு வாங்க மூட்டையைப் பார்த்தாள், சன்னாசியைப் பார்த்தாள், மங்களத்தைப் பார்த்தாள். கை தானாகத் தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டது. மங்களத்தை ஏமாற்றுக்காரி என்று எழுதிய கை.

'மங்களம் உண்மையைச் சொன்னாள்' என்றுதான் முதலில் எழுதினேன். யார் பிறத்தியாருக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்வார்கள்? அடுத்த வரி எழுத வரவில்லை. கதை சொன்னவரிடம் போய்க் கேட்டேன். "என்ன சொன்னா?" அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கண் கலங்கியது. "சொல்லலடி. என்னா மனுசி தெரியுமா அவ!" என்றார்.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டேன்.

மங்களம் தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். "ஆமாடா, நான்தான் வெச்சேன்!" என்று கத்தினாள். கூட்டம் பத்தடி பின்னால் போனது. "வெச்சவதான் எடுக்கணும். மூட்டையக் கொண்டா. பொண்ணும் நானும் மட்டும் வீட்டுக்குள்ள போகணும். எவனாச்சும் எட்டிப் பாத்தீங்க, கண்ணு அவிஞ்சிரும்!"

கதவைச் சாத்திக்கொண்டார்கள். முத்தம்மா காலில் விழப் போனாள். "தாப்பா, தாப்பா, பரவால்ல, எந்திரி. நேரமில்ல," என்று மங்களம் தலைத்துண்டை அவிழ்த்தாள். மூன்று மாத முடி விரல் நீளம் வளர்ந்திருந்தது. அதில் சவுரியை எப்படிக் கோத்து முடிவது, பூவை எங்கே வைத்து மறைப்பது, எப்படிப் படுப்பது எல்லாம் காட்டிக் கொடுத்தாள். வெளியே காது தீட்டிக்கொண்டு நிற்கிறார்களே, மந்திரம் வேண்டாமா? மங்களத்துக்கு ஒரு மந்திரமும் தெரியாது. ஈப்போ பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கூவுவதுதான் தெரியும். கண்ணை உருட்டி அடித்தொண்டையில் ஆரம்பித்தாள்: "கோப்பேங்... காம்பார்... தாப்பா... பீடோர்... சிலிம்ம்ம்... தஞ்சோங் மாலிம்!"

மாப்பிள்ளை ஊரான காம்பார் வந்தபோது கல்யாணப் பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். வெளியே சன்னாசி கைகூப்பி நின்றார்.

கதவு திறந்தது. வெறும் பார்சல் காகிதத்தைச் சிவப்புத் துணியில் சுருட்டிப் பிடித்திருந்தாள் மங்களம். "எடுத்தாச்சு. மணமேடைக்கு வர்ற வரைக்கும் இவ தலைத்துண்ட யாரும் தொடக் கூடாது. பூசாரி, உங்க பொறுப்பு!"

எட்டு நாளும் அந்தத் தலைத்துண்டுக்குக் காவல் இருந்தவர் சன்னாசி.

6

கல்யாணத்தன்று முழங்கால் வரை பின்னல் தொங்கியது. செய்வினையை விரட்டியது தன் எலுமிச்சம்பழம்தான் என்று சன்னாசி சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குமாறு எடுத்து வந்தவள் மங்களம் போன திசையில் மூன்று தடவை துப்பினாளாம். பத்திரிகைக்குக் கடிதம் போகவில்லை. மங்களத்துக்கு அந்தத் தோட்டத்திலிருந்து ஒரே ஒரு தபால் வந்தது:

"அன்புள்ள அம்மா, ஆண்களுக்கும் அந்தச் சாமான் உண்டா? ரகசியம் காக்கவும். தயவுசெய்து மஞ்சள் வேண்டாம். இப்படிக்கு, லூயிஸ்."

இதோடு முடித்தால் சிரித்துக்கொண்டே போய்விடுவீர்கள். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தெரியுமா? முடிவு ஒன்று: கல்யாணமான மறுநாளே தெரிந்து, மனுஷன் சிரித்துவிட்டான். முடிவு இரண்டு: சொந்த முடி இடுப்புவரை வளரும்வரை அவனுக்குத் தெரியவே தெரியாது. முடிவு மூன்று...

கதை சொன்னவரிடம் கேட்டேன். "தெரியாதுடி. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீயும் வாயத் தொறந்துறாத," என்றார் அம்மா.

ஐயோ. ஆளைக் காட்டிவிட்டேன்.

7

சரி, காட்டியது காட்டியதுதான். இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். காம்பார்க்காரர், அதிகம் பேச மாட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா எழுதுற?" என்றார்.

காகிதத்தைக் கையால் மறைத்தேன். "ஒண்ணுமில்லப்பா. ஒரு பார்சல் தொலைஞ்ச கதை."

"மஞ்சத் தடவுன பார்சலா?" என்றார்.

தோட்டமே பேசிய செய்வினைப் பார்சலைத்தான் கேட்டாரா? மாமன் சன்னாசி ஆயிரம் தடவை சொல்லியிருப்பாரே. இல்லை, அதற்குள் இருந்ததையும் சேர்த்துக் கேட்டாரா? நான் முகத்தைப் பார்ப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார். கூடத்தில் அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பின்னால் குனிந்து, தரையில் கிடந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, விரலில் சுற்றி, குப்பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நீங்களும்தான் பார்த்தீர்கள். தெரியுமா, தெரியாதா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.