கழுவிக் கொண்டுவந்த கண்ணாடி

1
இக்கதை ஒரு கண்ணாடித் தகட்டில் பிறந்தது. 1976இல் திரேஸ்புரத்துச் சீனித்தாய் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நான் கேள்விப்பட்டது அவ்வளவே. மற்றவை என் பொறுப்பு.

2
முதல் தொடக்கம்: “சிப்பியை உறுத்தும் துகள் முத்தாவதுபோல, சீனித்தாயின் வயிற்றிலும்…”

அடித்துவிட்டேன். அழகுக்காக நோயை முத்தாக்குவது ஒழுங்கன்று. முத்துச்சிப்பி கழுவும் கொட்டகையில் வேலை செய்பவள் அவள்; கேட்டால் சிரிப்பாள்.

3
நேராகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளாக அவளுக்கு வெள்ளைபட்டது. சூடு என்று மோர் குடித்தாள். இரத்தக்கறை கண்டபின், உடன் வேலை செய்யும் அற்புதமணி அவளை டாக்டர் பிளாரன்ஸிடம் இழுத்து வந்தாள்.

“கர்ப்பப்பை வாயில ரொம்ப நாள் புண்ணு. அதோட ஒரு வைரஸும் சேர்ந்தா, சிலருக்குப் புற்றுநோயா மாறலாம்னு சந்தேகப்படுதாங்க. எல்லாருக்கும் இல்ல.”

“ஆயிரம் சிப்பி திறந்தா ஒண்ணுலதான் முத்து. அதுமாதிரியா டாக்டரம்மா?”

(நான் அடித்த உவமையை அவளே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு உரிமை உண்டு.)

(அன்று ஐயம், இன்று உறுதி. அந்த வைரஸ் பெரும்பாலும் தானே நீங்கும். நீங்காது தங்கினால், நெடுநாள் அழற்சி அதற்குத் துணைபோகும். கதைமாந்தர் அறியாததை அடைப்புக்குறிக்கு வெளியே விடமாட்டேன்.)

புண்ணிலிருந்து வழித்ததைத் தகட்டில் பூசிய டாக்டர், ஆய்வகத்தில் சேர்க்கும்படி அவளிடமே கொடுத்தார்.

4
கொட்டகையில் அழுக்குச் சிப்பியை மேஸ்திரியிடம் கொடுக்கும் வழக்கமில்லை. ஆய்வகத்துக் கிளாட்வின் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது அது பளபளத்தது.

“என்னக்கா இது?”

“அழுக்கோட எப்படித் தம்பி குடுக்க? சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்லா.”

“அந்த அழுக்கைத்தான் அக்கா பாக்கணும்!”

5
இங்கே இரு வழிகள். ஒன்று: வெட்கத்தில் அவள் மறுபடி வரவேயில்லை, சில ஆண்டுகளில்… இவ்வாக்கியத்தை முடிக்க மறுக்கிறேன்.

மற்றொன்று: மறுநாளே அற்புதமணியோடு டாக்டரிடம் வந்தாள்.

“ஏளா அற்புதம், நீயும் மேசையில ஏறிப் படு. எனக்கு மட்டுமா வெட்கம்?”

அற்புதமணியின் தகட்டில் குறையில்லை. சீனித்தாயின் தகட்டில் சில செல்கள் வரிசை தவறி நின்றன. இன்னும் புற்றாகவில்லை, அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்தால் போதும் என்று டாக்டர் நாள் குறித்தார்.

6
அந்த நாள் காலை, பஸ் நிறுத்தம்.

“கையில என்னளா பொட்டணம்?” என்றாள் அற்புதமணி.

“சாம்பலும் தேங்காய்நாரும். அவுக கத்தி எந்த லட்சணத்துல இருக்கோ!”

இதற்குமேல் எழுதமாட்டேன். பஸ் வந்துவிட்டது. அவளை ஏற்றிவிடுவது உங்கள் பொறுப்பு.