நோயாளி வாசலுக்கு வந்தால்

எங்கள் வாசிப்பறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது. கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல், கதவருகே இருந்த பெட்டியில் பேனாவைப் போட்டுவிட்டுப் பென்சிலோடு உள்ளே போவோம். ஆட்டுத்தோலில் எழுதிய பழைய சுவடிகள் தலையணைமேல் சாய்ந்து படுத்திருக்கும். மழைநாளில் அந்தத் தோல் லேசாக உப்பும்; மெல்லிய வாடை வரும். இன்றும் ஈரமான தோல்பையின் வாசனை எங்கே வந்தாலும் நான் படித்த காலத்துக்குப் போய்விடுகிறேன்.

வரலாற்று முதுகலையில் நாங்கள் மூன்று கட்சி. பழங்காலக்காரர்கள் எங்களை மதிக்க மாட்டார்கள். மறுமலர்ச்சிக்காரர்கள் எங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நடுவில் இடைக்காலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் நானும் தணிக்கையும். அறிவிப்புப் பலகையில்கூடப் பிழை பிடிப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"உயிரோட இருக்கிற சொந்தக்காரங்க பேரே உனக்கு ஞாபகம் இல்ல. எப்பவோ செத்த சாமியாருங்களை ஏண்டி நோண்டுற?" என்று அம்மா கேட்பாள். ஆராய்ச்சியைத் தொடர உதவித்தொகையோடு ஓர் இடம்தான் இருந்தது. அது கிடைக்காவிட்டால் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது வீட்டில் முடிவான பேச்சு. அதே இடத்துக்குத் தணிக்கையும் காத்திருந்தான். கருத்தரங்கில் யார் கட்டுரை நன்றாக இருக்கிறதோ அவருக்கு இடம்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கிறிஸ்தவ மடத்தின் வாசற்காவலருக்கு எழுதிய விதிகள். 'பசித்தவர் வாசலுக்கு வந்தால் ரொட்டி கொடு. நோயாளி வாசலுக்கு வந்தால் திருப்பி அனுப்பு' என்று இலத்தீனிலிருந்து தமிழில் பெயர்த்துப் படி எடுத்திருந்தேன். அந்த இரக்கமின்மையை வைத்தே 'மூடிய கதவு' என்று கட்டுரை எழுதினேன். முதல் வரைவைப் பார்த்த பேராசிரியை, "சூடா இருக்கு" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எடுத்த படியை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பிழை கண்டால் அடிக்கக் கூடாது. அந்தக் கால எழுத்தர்கள் செய்ததுபோல, விட்டுப்போன இடத்தில் ஒரு சிறு கூட்டல் குறி. பக்கத்தின் அடியில் அதே குறியிட்டு விட்டுப்போன வரி. அவ்வளவுதான். என் படி தணிக்கையிடம் போயிருந்தது.

கருத்தரங்குக்கு முந்தைய நாள் மதியம் அவன் அதை என் மேசையில் வைத்தான்.

"என்னடா, எதுல கொம்பு வைக்க மறந்துட்டேன்?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அடியில பாரு."

பார்த்தேன். 'நோயாளி வாசலுக்கு வந்தால்' என்பதற்குப் பின் ஒரு கூட்டல் குறி. அடியில் அவனுடைய பொடி எழுத்தில்: 'உன் போர்வையைப் போர்த்தி உள்ளே அழைத்து வா. ஆயுதம் ஏந்தியவன் வாசலுக்கு வந்தால்'.

'வாசலுக்கு வந்தால்' என்பது அடுத்தடுத்து வந்ததில் என் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டது. பழைய எழுத்தர்கள் செய்த இதே பிழையைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். திருப்பி அனுப்பச் சொன்னது கத்தியோடு வந்தவனை. நோயாளிக்குக் கதவு திறந்தே இருந்திருக்கிறது.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டிருந்தா இடம் உனக்குத்தானே? ஏன் இப்பவே சொன்ன?"

"அதுவரைக்கும் அந்தக் காவலாளி கெட்ட பேரோட இருக்கணுமா? பாவம், போர்வையைக் குடுத்துட்டுக் குளிர்ல நின்ன மனுஷன். அவருக்கு யாரு வக்கீல்?" என்றவன், "போய் எழுது. தலைப்பையும் மாத்து," என்று தன் இடத்துக்குப் போய்விட்டான்.

கட்டுரையைப் புதிதாக எழுதினேன். மறுநாள் அந்தப் போர்வையைப் பற்றிப் பேசியபோது பழங்காலக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் பேராசிரியை கேட்டார்: "வரைவுல கதவு மூடியிருந்துச்சு. இன்னைக்குத் திறந்திருக்கு. எப்படிம்மா?"

பின்வரிசையில் தணிக்கை 'வேண்டாம்' என்று தலையாட்டினான். 'மறுபடி படிச்சேன்' என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. ஆனால் போர்வையைக் கழற்றிக் கொடுத்தவரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிவிட்டு, இன்னொருவன் கொடுத்த போர்வையை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான் ஒரு வரியைத் தாண்டிட்டேன் மேடம். அவன்தான் கண்டுபிடிச்சான்," என்று பின்வரிசையைக் காட்டினேன்.

இடம் அவனுக்குப் போனது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்து கத்தினான்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா? அறிவிருக்கா?"

"நீ காவலாளிக்கு வக்கீலா இருப்ப, நான் உனக்கு இருக்கக் கூடாதா?"

அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். பெட்டியிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தே என் காலம் போனது. குறையில்லை, கடவுள் வைத்த இடத்தில் வேலை இருந்தது. பிள்ளைகளின் விடைத்தாளில் நான் எதையும் அடித்ததில்லை. ஒரு சிறு கூட்டல் குறி, அடியில் விட்டுப்போனது.

போன வாரம் தணிக்கை, மடத்து வாசல்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை அச்சுக்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான். இப்போது அவனும் பேராசிரியன். தலை முழுக்க நரை. பென்சிலோடு உட்கார்ந்தேன். நம் காவலாளியின் பக்கம் வந்ததும் கை நின்றது. சிரித்துக்கொண்டே அவனுக்குப் போன் செய்தேன்.

"தணிக்கை, பசிச்சவருக்கு ரொட்டிக்குப் பதிலா போர்வையைக் குடுத்திருக்கியே!"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "ஐயோ, தாண்டிட்டேனா? அப்போ நோயாளி?"

"மறுபடியும் வாசலுக்கு வெளியிலதான் நிக்கிறாரு."

"அவரை முதல்ல உள்ள கூட்டிட்டு வா," என்றான்.

கூட்டல் குறியைப் போட்டு, பக்கத்தின் அடியில் எழுதத் தொடங்கினேன்.